எடுத்துக்கோ

முதலில் அது அக்காவின் காதில்தான் பட்டது. தம்பியின் காதிலும் பட்டிருக்கலாம். ஆனால் பியானோ வாசித்து முடித்துக் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டான் என்றால், பக்கத்தில் இடியே விழுந்தாலும் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் அவன் நினைத்துக்கொள்வான். அக்காவின் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிப்போயிருந்தார். சற்று முன்பு மூன்று பேரும் சேர்ந்து வாசித்ததை ரெக்கார்டிங்காரர் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் பியானோ கேட்டது, அக்காவின் பாஸ் கேட்டது, வீட்டுக்காரரின் டிரம்ஸ் கேட்டது. அதற்கெல்லாம் அடியில், தாளத்தில் ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு, நிதானமாக, ச்சிக்... ச்சிக்... என்று இன்னொன்றும் கேட்டது.

அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரம்ஸுக்கு இடது பக்கம் ஒரு கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெண்கலத் தட்டுகள் இருக்கும். கீழே இருக்கிற கட்டையை இடது காலால் மிதித்தால் இரண்டும் வாயை மூடிக்கொண்டு ச்சிக் என்னும். வீட்டில் அதற்கு ‘ஜோடி’ என்று பேர். அந்த ஜோடியை அவர்கள் இங்கே கொண்டுவரவே இல்லை. டிரம்ஸைப் பிரித்து, உறை போட்டு, காரில் ஏற்றியது எல்லாம் அக்காதான். ஜோடியை மட்டும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தாள். பின்னே, மிதிக்கக் கால் வேண்டாமா? போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. கை எப்படியோ திரும்பி வந்தது. கால் வரவில்லை.

ஊரில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அவள் அக்காதான், நமக்கும் அப்படியே இருக்கட்டும். ஆளுயரத்துக்கு நிற்கிற பாஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்து வாசித்து வாசித்து, வலது தோள் கொஞ்சம் இறங்கிப்போன பெண்பிள்ளை. தம்பி அவள் கூடப் பிறந்தவன். டிரம்ஸ்காரர் அவள் கட்டிக்கொண்டவர். இந்த மூவரும் வாசிப்பது ஜாஸ், அதிலும் முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிற ரகம் இல்லை. உட்காருவார்கள், ஒருத்தர் ஆரம்பிப்பார், மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொள்வார்கள், எங்கே போய் முடியும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். வாசித்தது வாசித்ததுதான், திருத்தம் கிடையாது. இந்த ஆல்பமும் அப்படியே ஆக வேண்டும் என்பது வீட்டுக்காரரின் பிடிவாதம். “ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுட்டு நான் பாட்டுக்கு உக்காந்துடறேன்” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொன்னார். அக்காவுக்கு ஆல்பம் வந்தாலும் ஒன்றுதான் வராவிட்டாலும் ஒன்றுதான். மனுஷனை வந்தபடியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஸ்டுடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே வந்துவிட்டால் வெயிலாவது மழையாவது, ஒரு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து மேலே துணி போர்த்தியிருந்தார்கள், தரைக் கம்பளத்திலிருந்து பழைய காப்பியும் சூடேறிய ஒயரும் கலந்த ஒரு வாசம் வந்துகொண்டே இருந்தது, கதவைச் சாத்தினால் சொந்த எச்சில் விழுங்குகிற சத்தம்கூட மண்டைக்குள் கேட்கும். பெரிய கூடத்தில் பியானோவும் பாஸும் எதிரும் புதிருமாக இருந்தன. டிரம்ஸ் சத்தம் மற்ற மைக்கில் ஏறிவிடும் என்பதால் வீட்டுக்காரருக்கு மட்டும் ஓரத்தில் தனியாக ஒரு கண்ணாடி அறை. கதவைச் சாத்திவிட்டால் அவர் அடிப்பது ஹெட்ஃபோனில் மட்டும்தான் வரும். அதைக் கழற்றினால் அவர் ஊமைப்படத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால் ரெக்கார்டிங்காரரின் அறை, வாசித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்பது அங்கேதான்.

அக்கா ரெக்கார்டிங்காரர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“அந்த டிரம்ஸை மட்டும் தனியா விடுங்களேன்.”

“ஏன்க்கா, ஏதாச்சும் பிசிறா?”

“விடுங்க, சொல்றேன்.”

டிரம்ஸ் மட்டும் வந்தது. குச்சிக்குப் பதில் அவர் பிடிக்கிற கம்பி பிரஷ் தோல் மேல் இழுபடுகிற சத்தம், நடுநடுவே சோர்ந்துபோய் ஒரு தட்டு. ஜோடி இல்லை. பாஸை மட்டும் விடச் சொன்னாள். அதில் இல்லை. பியானோவை மட்டும் விடச் சொன்னாள். அதிலும் இல்லை. மூன்றையும் சேர்த்து விட்டார். ச்சிக்... ச்சிக்...

“சேர்த்தாதான் வருது” என்றார் ரெக்கார்டிங்காரர், கண்ணைத் தேய்த்துக்கொண்டே. “காது களைச்சுப்போச்சுக்கா. காலைலேர்ந்து இதே வேலையா இருக்கோம். எனக்கு இப்ப ஏசி சத்தம்கூடப் பாட்டாத்தான் கேக்குது.”

“உங்களுக்கும் கேக்குதுல்ல?”

“கேக்குது. நல்லாத்தானே இருக்கு?”

அவளைப் பயமுறுத்தியதே அதுதான். நன்றாக இருந்தது. நேற்றுவரை அங்கங்கே முட்டுக் கொடுத்து நிற்க வைத்த டிரம்ஸ், அந்தச் சத்தத்தோடு சேர்ந்ததும் தானாக எழுந்து நடந்தது.

வேறு யாராவது என்றால் உடனே போய்த் தம்பியை உலுக்கி, ‘டேய், இது உனக்குக் கேக்குதா?’ என்று கேட்டிருப்பார்கள். இவர்களிடம் அது ஆகாது. ரெக்கார்டிங் முடிகிறவரை வாசித்ததைப் பற்றி மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. பேசினால் அடுத்த தடவை கை அதையே தேடிக்கொண்டு போகும், புதிதாக ஒன்றும் வராது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நடக்கிற கட்டுப்பாடு இது. சாப்பாடு பேசலாம், வீட்டு வாடகை பேசலாம், யாரைப் பற்றியாவது புறணிகூடப் பேசலாம். வாசித்ததைப் பேசினால் மட்டும் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆக அது அக்காவின் வேலை என்று தம்பியும் நினைத்துக்கொண்டான், வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டார், யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவர் விழித்துக்கொண்டார். அக்கா டீயும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, காலடியில் உட்கார்ந்து, வழக்கம்போல இடது காலைத் தூக்கி மடியில் வைத்துத் தேய்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் இந்தக் காலை அவள் தேய்த்த தேய்ப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. மாத்திரை, மசாஜ், குளிக்க வைப்பது, மாடிப்படியில் பின்னால் முட்டுக் கொடுத்து ஏற்றுவது, ராத்திரி மூச்சு வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பது என்று அலுத்துப்போய்விட்டது அவளுக்கு. அன்பு குறையவில்லை, உடம்புதான் அலுத்துப்போயிருந்தது. கால் இன்று ஜில்லென்று இருந்தது. பாதத்தைவிடக் கணுக்கால், கணுக்காலைவிட முழங்கால் என்று மேலே போகப்போகக் குளிர்ச்சி ஏறியது.

“இது என்னங்க, ஐஸ்ல வெச்ச மாதிரி?”

“ஏசி ரூம்ல உக்காந்தா அப்படித்தான் இருக்கும்.” பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே அவர் குரலைத் தாழ்த்தினார். “பேசக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேம்மா. இன்னிக்கு எனக்குப் பாரமே தெரியல. பின்னாலேர்ந்து யாரோ இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிவிடற மாதிரி இருக்கு. நீதானே? உன் பாஸ்தானே?”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ நாளாகிவிட்டது. இல்லைங்க, நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மண்டையை ஆட்டி வைத்தாள்.

“இதோட நிறுத்திக்கலாம்டா” என்றாள் தம்பியிடம். “மாமாவுக்குக் கால் ஜில்லுன்னு இருக்கு. இருக்கறதே போதும்.”

“அக்கா, ஒரே ஒரு நீளமான பீஸ். அது இல்லன்னா ஆல்பம் மொட்டையா நிக்கும்” என்றான் தம்பி. “மாமா என்ன சொல்றீங்க?”

“உங்கக்கா அப்படித்தான் சொல்லுவா மாப்ளே, அவளுக்கு நான் கண்ணாடிப் பாத்திரம்” என்று சிரித்தார் அவர். “ஒரு தடவைதானே, வா.”

இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒன்று சேர்ந்துகொண்டால் அவள் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது? அவள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள். இடது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பளம். காலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

தம்பிதான் ஆரம்பித்தான். மேலே இரண்டு விரலால், யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகச் சொட்டவிட்டான். அக்கா கீழே ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தடித்த தந்தி அவள் வயிற்றில் அதிர்ந்து அடங்கி அதிர்ந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பிரஷ்கள் தோல் மேல் வட்டம் போட ஆரம்பித்தன, ஹெட்ஃபோனில் அது யாரோ மாவு சலிக்கிற மாதிரி மெதுவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் மூன்று பேர்தான் இருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை. அவளுக்குத் தோள் தளர்ந்தது. காது களைப்புதான், ரெக்கார்டிங்காரர் சொன்னது சரிதான், வீட்டுக்குப் போனதும் நன்றாகத் தூங்க வேண்டும் என்று நினைத்தாள்.

ச்சிக்.

நினைத்து முடிக்கவில்லை, வந்துவிட்டது. ஒரு தட்டு விட்டு ஒரு தட்டுக்கு, அவசரமே இல்லாமல். கூடவே ஒரு வாசம். தட்டுகளைத் தேய்க்க அவர் ஒரு பாலிஷ் வாங்குவார், புளித்த நாற்றமும் பெட்ரோல் நாற்றமுமாகக் கலந்து வீடு முழுக்க அடிக்கும், அதற்காகவே தினம் சண்டை நடக்கும். அவர் படுத்த பிறகு அதை யாரும் வாங்கவில்லை. இப்போது ஏசிக் காற்றில் அது வந்தது.

பிரஷ் சத்தம் குச்சிச் சத்தமாக மாறியது.

அவரிடம் குச்சியே கிடையாது. கை தாங்காது என்று அவள்தான் பிரஷ் மட்டும் கொடுத்திருந்தாள். ஆனால் வாசிப்பு ஏறியது. பெரிய தட்டில் குச்சி நடந்தது, கூட ஜோடி மூடியது, நடுவில் தோல் மேல் சின்னச் சின்னதாகப் பொறி பறந்தது. அத்தோடு அந்தத் தாமதம். அவர் ஒவ்வொரு அடியையும் ஒரு மயிரிழை தள்ளித்தான் போடுவார். இதோ விழப்போகிறது, விழப்போகிறது என்று நெஞ்சு எட்டிப் பார்க்கும், அப்புறம்தான் விழும். உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் அது வராது. அதைக் கேட்டுத்தானே அவள் வீட்டை எதிர்த்துக்கொண்டு இவரைக் கட்டிக்கொண்டாள்? பக்கவாதம் காலோடு சேர்த்து அதையும் கொண்டுபோயிருந்தது. அதற்காக அவள் ஒரு நாளும் வாய்விட்டு அழுததில்லை, அழுதால் அவருக்குத் தெரிந்துவிடுமே என்று.

இப்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை. பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது. அவள் விரல்கள் அவளைக் கேட்காமலேயே அந்தத் தாமதத்துக்கு இடம் விட்டு வாசித்தன.

தனியாக வாசிக்கிற முறையை இன்னொருத்தருக்குக் கொடுக்க இவர்கள் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. மைக்கில் ஏறினாலும் பரவாயில்லை என்று சத்தமாகவே சொல்வார்கள். அதைக் கேட்டதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், முறை வாங்கியவர் இஷ்டம்போல எடுத்துக்கொண்டு போகலாம். எத்தனையோ வருஷப் பழக்கம். கண்ணைத் துடைக்கக்கூடக் கை ஓயாமல், டிரம்ஸ் இருக்கிற திசைக்கு முகத்தைத் திருப்பி, நெஞ்சு நிறைய அக்கா சொன்னாள்:

“எடுத்துக்கோ.”

சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள்.

அவர் வாசிக்கவில்லை.

இரண்டு பிரஷும் மடியில் கிடந்தன. கை இரண்டும் முழங்கால் மேல். வலது பக்கக் கம்பியில் நிற்கிற பெரிய தட்டு ஆடவில்லை. அடி வாங்கினால் தட்டு ஆடாமல் இருக்குமா? அசையவே இல்லை. ஹெட்ஃபோனில் அது அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து ஆட்டிக்கொண்டிருந்தாரோ.

தம்பி முறைப்படி பியானோவை அடக்கிக்கொண்டான். டிரம்ஸ் விரிந்தது. கூடத்தையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வாசிப்பு. அவருடைய நல்ல காலத்தில்கூட அவர் அப்படி வாசித்ததில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்தார். ஏம்மா என்கிறார் என்று உதட்டிலேயே தெரிந்தது. அவர் முகத்துக்கு நேராக ஒரு மைக், தலைக்கு மேலே ஒரு மைக். ஒன்றிலும் குரல் வரவில்லை. அவர் பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையை முஷ்டியாக்கி, எதிரில் இருந்த டிரம்மை ஓங்கி அடித்தார். தோல் குழிந்து எழுந்தது. சத்தம் இல்லை. மறுபடி அடித்தார். இல்லை. ஹெட்ஃபோனில் அந்த நேரத்தில் மழைத்தூறல் மாதிரி ஒன்று, மென்மையாக, வேறு எங்கோ.

அவள் கை நின்றது. தானாக நின்றது.

டிரம்ஸும் நின்றது.

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். முகம் சாம்பல். காதுக்குள் ஒன்றும் இல்லை. ஒரு மூச்சுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை நேரம் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி ராத்திரி எட்டிப் பார்த்து அவள் எண்ணிய அதே மூச்சு. அது இப்போது அவர் உடம்பில் இல்லை. வாசிப்புக்குள் இருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் தந்தியைத் தேடிப் பிடித்தது.

ஒரு சுரம். ச்சிக். இன்னொரு சுரம். காதுக்குள் மூச்சு இழுபட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிமிர்ந்தார்.

ஓடிப்போய்க் கதவைத் திறக்கலாம். பாஸைக் கீழே வைக்க வேண்டும். வைத்தால் நிற்கும். ரெக்கார்டிங்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கண்ணால் கெஞ்சினாள். அவரோ எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தலையை அசைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

“தம்பீ” என்று கத்தினாள். “டேய் தம்பீ, மாமாவைப் பாருடா.”

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அவள் கூப்பிட்ட குரலில் இருந்த இரண்டு சுரத்தையும் அப்படியே பியானோவில் எடுத்தான். தம்பீ. இறக்கி ஒரு தடவை. ஏற்றி ஒரு தடவை. டிரம்ஸ் அதைப் பிடித்துக்கொண்டது. அவள் கத்தக் கத்த அவன் வாசித்தான். அழ அழ வாசித்தான். எவ்வளவு அழகாக வாசித்தான், பாவி.

அவள் கத்துவதை நிறுத்தினாள்.

விரல் நுனி தோலுரிந்து தந்தி வழுக்கியது. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. வாசித்தாள். ஒரு தட்டு பிசகினால் காதுக்குள் மூச்சு தடுக்கியது. பிசகாமல் வாசித்தாள். எவ்வளவு நேரம்? தெரியாது. ஒரு மனுஷி எவ்வளவு நேரம் வாசிக்க முடியும்? கண் சொக்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

அவர் எப்படியோ எழுந்திருந்தார். ஒற்றைக் காலில் நின்று, கண்ணாடி மேல் சாய்ந்து, அவளைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விடாமல். நிறுத்து என்றா? நிறுத்தாதே என்றா? உதடு கண்ணாடியிலேயே பட்டுப் பட்டு எழுந்தது. மூக்கும் ஒட்டியிருந்தது.

கண்ணாடியில் ஆவி படியவில்லை. துளிகூட. அவர் வாய்க்கு நேராக அது துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.